ஷேர்டு ஹோஸ்டிங்கில் 508 பிழை: விபிஎஸ்ஸுக்கு மாற வேண்டுமா?

சிற்றிதழ்க்காரன்:
வணக்கம். எங்கள் சிற்றிதழின் பழைய இதழ்களிலிருந்து ஏறத்தாழ 2,000 கட்டுரைகளை வேர்ட்பிரஸ் தளமொன்றில் ஏற்றி, ஷேர்டு ஹோஸ்டிங்கில் வைத்திருக்கிறோம். சென்னைப் புத்தகக் காட்சி நடக்கும் நாள்களில், மாலை ஏழு மணிக்கு மேல் தளத்தைத் திறந்தால் '508 ரிசோர்ஸ் லிமிட் இஸ் ரீச்டு' என்ற வரி மட்டுமே வருகிறது. ஹோஸ்டிங் நிறுவனத்தார் விபிஎஸ் என்னும் மெய்நிகர் தனி சர்வர் வாங்கச் சொல்கிறார்கள். 'அன்லிமிடெட்' என்று சொல்லித்தானே விற்றார்கள்? அதை நிர்வகிக்கத் தேவையான லினக்ஸ் இயங்குதளம் எங்களில் எவருக்கும் தெரியாது.

கருவிழி:
'அன்லிமிடெட்' என்பது பெரும்பாலும் சேமிப்பிடத்துக்கும் டேட்டாவுக்கும் சொல்லப்படுவது. ஷேர்டு ஹோஸ்டிங்கில் ஒரே சர்வரில் பல தளங்கள் குடியிருப்பதால், ஒருவர் பங்கை இன்னொருவர் விழுங்கிவிடாதபடி ஒவ்வொரு கணக்குக்கும் சிபியு, ரேம், ஒரே நேரத்தில் ஓடும் நிரல்களின் எண்ணிக்கை ஆகியவற்றுக்கு வரம்பு வைத்திருப்பார்கள். ஹோஸ்டிங் கணக்கை நிர்வகிக்கும் சிபேனலில் 'ரிசோர்ஸ் யூசேஜ்' பக்கம் இருந்தால், எந்த வரம்பில் முட்டினீர்கள் என்பது அங்கே தெரியும். பணம் கட்டுமுன் அதைப் பாருங்கள்.

தறிநாடா:
விபிஎஸ் என்பது பெரிய கணினி ஒன்றை மென்பொருளால் பல கணினிகளாகப் பிரித்து, அதில் ஒன்றை உங்களிடம் ஒப்படைப்பது. அதில் எதையும் மாற்றும் முழு அதிகாரமான ரூட் உரிமை கிடைக்கும். கூடவே பாதுகாப்புத் திருத்தங்கள், ஃபயர்வால், பேக்கப் என அத்தனையும் உங்கள் தலையில் விழும். அவற்றை நிறுவனமே பார்த்துக்கொள்ளும் 'மேனேஜ்டு' வகைக்கு விலை கூடுதல். இன்னொரு வழியான கிளவுட் ஹோஸ்டிங்கில் தேவைக்கேற்பக் கூட்டவும் குறைக்கவும் முடியும், ஓடிய நேரத்துக்கே கட்டணம் என்றாலும், கண்காணிக்க ஆள் இல்லாத இடத்தில் மாதக் கடைசியில் வரும் பில் வயிற்றைக் கலக்கும்.

பழஞ்சுவடி:
அச்சேறி முடிந்த கட்டுரை இனி மாறப்போவதில்லை. அப்படியிருந்தும் வேர்ட்பிரஸ், ஒவ்வொரு வாசகர் வரும்போதும் பிஎச்பி நிரலை ஓட்டி, டேட்டாபேஸைக் கேட்டு, அதே பக்கத்தை மறுபடியும் சமைக்கிறது. சமைத்ததை எடுத்துவைத்துப் பரிமாறும் கேஷ் பிளகின் ஒன்றைப் போட்டால் இந்தச் சுமையில் பெரும்பகுதி குறையும். யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்க முறையில் தமிழ்க் குறியொன்றுக்கு 3 பைட் ஆனாலும், 10,000 குறிகள் கொண்ட கட்டுரை வெறும் 30 கேபிதான். எனவே எழுத்தின் கனத்தால் தளம் விழவில்லை.

சிற்றிதழ்க்காரன்:
பார்த்தேன்: ஒரே நேரத்தில் 20 நிரல்கள் என்ற வரம்பில்தான் முட்டியிருக்கிறது. கேஷ் போட்டபின் கட்டுரைகள் உடனே திறக்கின்றன. தேடல் மட்டும் இன்னும் திணறுகிறது.

பழஞ்சுவடி:
தேடல் ஒவ்வொரு முறையும் டேட்டாபேஸுக்குப் போயே ஆக வேண்டும். ஆசிரியர் வாரியாகவும் இதழ் வாரியாகவும் பொருளடக்கப் பக்கங்கள் அமைத்துவிட்டால், பலர் தேடல் பெட்டிப் பக்கமே வரமாட்டார்கள்.