பயங்கரக் கதைக் காட்சி: சொன்ன நாகேஷுடையதா, கேட்ட பாலையாவுடையதா?

வவுனிக்குளத்தான்:
போன கிழமை ஒரு எட்டுச்செலவு (செத்தவருக்கு எட்டாம் நாள் செய்யும் சடங்கு) வீட்டில், பந்தலுக்குக் கீழே தேத்தண்ணிக் கோப்பையோடு இருந்தோம். கதை எங்கெங்கோ சுற்றி 'காதலிக்க நேரமில்லை'யில் வந்து நின்றது. 1964இல் ஸ்ரீதர் எடுத்த படம். 'ஓகோ புரொடக்சன்ஸ்' என்று கம்பெனி தொடங்கி, படம் பிடிக்கக் காசு கேட்டுத் தகப்பனை அரிக்கும் செல்லப்பாவாக நாகேஷ். தகப்பன் விஸ்வநாதனாக டி.எஸ். பாலையா. மகன் தகப்பனுக்குப் பயங்கரக் கதை சொல்லும் காட்சியை இங்கே யாருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

பந்தலில் இருந்த அத்தனை பேரும் அது நாகேஷின் காட்சி என்றார்கள். இல்லை, பாலையாவின் காட்சி என்றேன். அடிபிடி வராத குறை. கதை என்று பார்த்தால் அதில் ஒன்றுமே இல்லை. கதையே இல்லாத கதைக்கு ஒரு பெரிய மனிசன் வியர்த்து விறுவிறுத்துப் போகிறாரே, அந்த முகத்துக்குத்தானே நாம் சிரிக்கிறோம்? அவர் சும்மா கல்லு மாதிரி இருந்திருந்தால் நாகேஷ் என்ன கூத்துப் போட்டும் பகிடி எடுபட்டிருக்காது. உங்கள் கருத்து?

முறிகண்டிக் கச்சான்:
அண்ணை, உங்கள் வாதத்தைச் சைக்கிள் டைனமோ ஒன்றே உடைத்துவிடும்.

90களில், யுத்த காலத்து வன்னியில், எங்கள் வீட்டில் ஏது மின்சாரம்? பற்றரியும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வயர் இழுத்துத்தான் கசற் கேட்போம். திருச்சி வானொலியில் போன ஒலிச்சித்திரத்தை மாமா ஒருவர் எப்போதோ பதிந்து வைத்திருந்தார். அதில் இந்தக் காட்சியும் இருந்தது. பெடல் சுற்றுவது என் வேலை. சிரிப்பு வந்தால் கை தளரும். கை தளர்ந்தால் நாகேஷின் குரல் மாடு கத்துவதுபோல இழுபடும். அதற்கு மற்றவர்கள் இன்னும் சிரிப்பார்கள், எனக்கு ஏச்சு விழும்.

இப்போது சொல்லுங்கள், அந்தக் கசற்றில் பாலையாவின் முகம் எங்கே இருந்தது? பின்னணி இசையையும் வாயாலேயே போட்டுக்கொண்டு கதை சொன்ன நாகேஷின் தொண்டை மட்டும்தான் இருந்தது. முகத்தைப் பார்க்காமலே வயிறு நோகச் சிரித்தோம்.

வவுனிக்குளத்தான்:
தம்பி, முகம் இல்லை என்பது சரி. நடுவில் வந்த முனகல் யாருடையது? அந்த 'ம்'களை வெட்டிவிட்டு ஒருக்கால் கேட்டுப் பாரும்.

தவில்வீடு:
பேய்க்கதைச் சண்டைக்கு நான் வரவில்லை. வேறு ஒன்று சொல்லவேண்டும். அப்பா தவில்காரர். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் பல வருசம் வாசித்தவர். 'தில்லானா மோகனாம்பாள்' (1968) எப்போது போட்டாலும் பாலையாவின் கையையே பார்த்துக்கொண்டிருப்பார். படத்தில் சிவாஜிக்குத் தவில் அவர்தானே. "கை பொய். தலை மெய்" என்பது அப்பாவின் தீர்ப்பு.

முதலில் எனக்கு விளங்கவில்லை. பிறகு ஒரு நாள் தானே வாசித்துக் காட்டினார். நாயனம் ஒரு பிடியை எடுத்துப் போகும்போது தவில்காரர் கையைப் பார்க்கமாட்டார், தாளம் போடும் ஆளையும் பார்க்கமாட்டார். கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து, பிடி எங்கே இறங்கும் என்று காத்திருப்பார். இறங்கும் இடம் தெரிந்ததும் நாடி ஒரு சின்ன வெட்டு வெட்டும். பாலையாவிடம் அந்த வெட்டு இருக்கிறது. வாசிக்கத் தெரியாத ஆள், வாசிப்பவர்கள் எப்படிக் கேட்கிறார்கள் என்பதை எங்கேயோ இருந்து களவெடுத்திருக்கிறார். அதே படத்தில் நாகேஷ் செய்த வைத்தியும் லேசான வேசம் இல்லை, அதையும் சொல்லிவிடவேண்டும். ஆனால் அப்பாவுக்கு வைத்தியைக் கண்டால் பிடிக்காது. கச்சேரி பேசிக் கொடுக்கும் தரகர்களோடு அவர் பட்ட பாடு அப்படி.

முறிகண்டிக் கச்சான்:
தவில்வீடு அண்ணை நல்லாகத்தான் சொன்னார். ஆனால் பாலையாவுக்குக் கிடைத்ததெல்லாம் வயிறு நிறைந்த வேசங்கள். எஸ்டேட் முதலாளி, 'திருவிளையாட'லில் (1965) செருக்குப் பிடித்த ஹேமநாத பாகவதர். அதே படத்தில் நாகேஷ் யார்? தருமி. ஆயிரம் பொன் அறிவித்ததும் கோயிலுக்குள் நின்று தனக்குத்தானே புலம்பும் அந்த மனிசனைப் பாருங்கள். கிடைக்கப்போவதில்லை என்று தெரியும், ஆனாலும் மனம் கணக்குப் போடுகிறது. நிவாரண அட்டையோடு கூட்டுறவுச் சங்கக்கடை வாசலில் நின்ற எங்கள் ஊர் ஐயாவைப் போலத்தான் அது. சாமான் வரும் என்பார்கள், வராது. திரும்பி நடக்கும்போது அந்த ஐயா தனியாகக் கதைத்துக்கொண்டு போவார். நாகேஷ் வன்னிக்கு வந்ததில்லை, ஆனால் எங்கள் ஐயாவின் நடை அவருக்குத் தெரிந்திருந்தது.

ரயில்வேயில் குமாஸ்தா வேலை, முகம் நிறைய அம்மைத் தழும்பு, மெலிந்த உடம்பு. நாடகத்தில் வயிற்றுவலிக்காரனாக வந்து எம்.ஜி.ஆரிடம் பாராட்டு வாங்கியவர். அந்த முகத்தோடு 'சர்வர் சுந்தர'த்துக்குக் கதாநாயகனாக வந்து நின்றது லேசுப்பட்ட காரியமா?

தருமபுரத்தாள்:
எஸ்டேட் முதலாளி என்ற சொல்லைக் கண்டதால் எழுதுகிறேன்.

என் தகப்பனார் மலையகத்தில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். 1977 கலவரத்துக்குப் பிறகு கிளிநொச்சிப் பக்கம் வந்து காடு வெட்டிக் குடியேறியவர். வீடியோ டெக், ரீவி, ஜெனரேற்றர் மூன்றையும் வாடகைக்கு எடுத்து ஊரே காசு சேர்த்துப் படம் பார்த்த ஒரு இரவில்தான் 'காதலிக்க நேரமில்லை'யை நானும் அவரும் பார்த்தோம். மற்றவர்கள் நாகேஷைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அப்பா சிரித்தது பாலையாவைப் பார்த்து மட்டும். சின்னமலை எஸ்டேட் முதலாளி, காசுக்காரச் சம்பந்தம் என்றால் வாயைப் பிளக்கும் ஆள், கதிரையில் இருந்து நடுங்குகிறார். "துரை பயந்திட்டாரு, துரை பயந்திட்டாரு" என்று அப்பா திரும்பத் திரும்பச் சொன்னார். கண்ணில் தண்ணி. தோட்டத்தில் துரை வந்தால் தலைத்துண்டை இறக்கிக்கொண்டு ஒதுங்கி நின்ற மனிசன் அவர்.

அதனால் என் வாக்கு பாலையாவுக்கு. நடிப்பைப் பற்றி எனக்குப் பெரிதாகத் தெரியாது.

வவுனிக்குளத்தான்:
அக்கா, இதற்கு மேல் நான் என்ன எழுத?

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். பாலையா சிரிப்பு நடிகராக வந்தவர் இல்லை. 1936இல் 'சதிலீலாவதி'. எம்.ஜி.ஆருக்கு முதல் படம் அதுதான். அடுத்த வருசம் 'அம்பிகாபதி'யில் வில்லன். முப்பது வருசத்துக்குக் கிட்ட மற்றவர்களைப் பயமுறுத்தி உழைத்த முகம் அது. அந்த முகம் பயப்படும்போது பகிடி இரட்டிப்பாகிறது. புதுசாக வந்த ஒருவர் அந்தக் கதிரையில் இருந்து நடுங்கியிருந்தால் பாவமாகத்தான் இருந்திருக்கும்.

பிந்திவந்தவன்:
பெரியாக்கள் குறை நினைக்க வேண்டாம். நாகேஷ் என்றால் வாய், பாலையா என்றால் முகம் என்று பிரித்து வைத்திருக்கிறீர்கள். 'மகளிர் மட்டும்' (1994) பார்க்கவில்லையா? அதில் நாகேஷ் பிணம். ஒரு சொல் கிடையாது, கண்கூடத் திறக்கமாட்டார். தள்ளுகிறார்கள், இருத்துகிறார்கள், அந்த உடம்பு சரிகிற சரிவுக்கே சிரிப்பு வருகிறது. அதே வருசத்து 'நம்மவர்' படத்துக்குத் துணை நடிகருக்கான தேசிய விருதும் எடுத்தார், அதில் சிரிப்பே இல்லை. பாலையா 1972இலேயே போய்விட்டார். இவ்வளவு தூரம் வர அவருக்குக் காலம் கிடைக்கவில்லை, அது அவர் பிழை இல்லை. ஆனால் ஒப்பிடும்போது இதையும் வைத்துத்தானே ஒப்பிடவேண்டும்?

தவில்வீடு:
பிணமாக நடித்த ஆளைப் புகழ்ந்து எழுதுகிறீர், ஆனால் இழுத்துப் புரட்டிய ஊர்வசி, ரேவதி, ரோகிணி மூவரையும் விட்டுவிட்டீர். இங்கே நடக்கிற வழக்கே அதுதான் தம்பி.

பிந்திவந்தவன்:
மாட்டிவிட்டேன் போல.

முறிகண்டிக் கச்சான்:
நான் கட்சி மாறப்போவதில்லை. ஆனால் ஒரு விசயம் எழுதாமல் விட மனம் வரவில்லை.

நாகேஷ் இறந்தது 2009 ஜனவரி 31. கிளிநொச்சியை ஆமி பிடித்து இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை. நாங்கள் சுதந்திரபுரத்தில் பங்கருக்குள். அவர் இறந்ததே எனக்குத் தெரியாது. பல மாதத்துக்குப் பிறகு செட்டிகுளம் அகதி முகாமில், ஏதோ சுற்றி வந்த பேப்பர்த் துண்டில் படத்தைக் கண்டுதான் தெரிந்தது.

அந்தப் பங்கரில் அக்காவின் மகன், ஆறு வயது, எறிகணைச் செல் கூவும்போதெல்லாம் என் சேட்டைப் பிடித்து இழுப்பான். ஒரு இரவு அவனுக்கு நாகேஷ் மாதிரியே கதை சொல்லிப் பார்த்தேன், வாயால் சத்தமெல்லாம் போட்டு. எனக்குத் தெரிந்த ஒரே வித்தை அதுதான். அவன் பாலையா மாதிரிப் பயப்படவில்லை, சிரிக்கவுமில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தான். கொஞ்ச நேரத்தில் வாய் திறந்தபடி நித்திரையாகிவிட்டான். நான் மட்டும் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அவன் பிரான்சில். கதை நினைவில்லை என்கிறான்.

என் வாக்கு நாகேஷுக்குத்தான். சொல்கிற ஆளுக்குத்தான் களைப்பு அதிகம், அண்ணை.

வவுனிக்குளத்தான்:
சரி தம்பி, வைத்துக்கொள்ளும். அந்தக் கசற் இப்பவும் இருக்குதா? இருந்தால் பிரதி எடுக்கவேண்டும்.

முறிகண்டிக் கச்சான்:
இல்லை அண்ணை. புதுக்குடியிருப்பில் விட்டது. சைக்கிளும்தான்.