‘ஏற்றக் கடினம்’ ஒன்றா, மூன்றா? தோட்டாத் தூணிக்கான சொற்கள்

அன்புடையீர்,

வணக்கம். கைத்துப்பாக்கித் தோட்டாவைச் சுடும் ரைஃபிள்களின் பராமரிப்புக் கையேட்டு வரைவில், முப்பது தோட்டாக்களும் அதற்கு மேலும் கொள்ளும் மேகசின் (தோட்டாக்களை அடுக்கித் துப்பாக்கியில் செருகும் பெட்டி) பற்றிய பகுதியைப் படித்தேன். ‘ஏற்றக் கடினம்’ என்னும் தொடர் அதில் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. வெவ்வேறு காரணமும் வெவ்வேறு தீர்வும் உடைய மூன்று பழுதுகள் அந்த ஒரே தொடருக்குள் அடைபட்டுக் கிடப்பதால், படிப்பவர் சுருள்வில்லை மாற்ற வேண்டிய இடத்தில் சுவரைத் தேய்க்கவும், சுவரைப் பார்க்க வேண்டிய இடத்தில் சுருள்வில்லை வெட்டவும் நேரும்.

முதலில் மேகசினுக்கான தமிழ்ப் பெயரைப் பற்றி. ‘தோட்டா உறை’ வேண்டாம். துப்பாக்கியைச் செருகி வைப்பதையும் உறை என்றே சொல்கிறோம். ‘தூணி’ என்ற முன்மொழிவை ஆதரிக்கிறேன். அதற்கு வந்த மறுப்பு இது:

> தூணி அம்புக்கு உரியது. வில் இல்லாத இடத்தில் தூணி எதற்கு?

வில் இங்கும் உண்டு. அது தூணிக்கு உள்ளேயே சுருள்வில்லாக இருந்து தோட்டாக்களை மேலே தள்ளுகிறது. மேலும், நான்கு மரக்கால் கொண்ட முகத்தலளவைக்கும் தூணி என்றே பெயர் என்பதால், கொள்ளளவு பேசும் இடத்தில் இச்சொல் அந்நியமாக ஒலிக்காது. ‘தூணிவாய்’, ‘தூணிச்சுவர்’ என்று தடையின்றிக் கூட்டுச் சொற்களும் பிறக்கின்றன. தோட்டாக்களைத் தாங்கி எழும் தட்டுக்கு வரைவில் உள்ள ‘பின்தொடர்வி’ அது செய்யும் வேலையைச் சொல்லவில்லை. ‘ஏந்துதட்டு’ போதும்.

வினைச்சொற்களையும் பிரிக்க வேண்டும். தோட்டாக்களைத் தூணிக்குள் இடுவது ‘நிறைத்தல்’, தூணியைத் துப்பாக்கியில் பொருத்துவது ‘செருகுதல்’, தோட்டா குழலின் அறைக்குள் போவது ‘ஏற்றுதல்’. மூன்றையும் ‘ஏற்றுதல்’ என்று எழுதுவது குழப்பம் மட்டுமன்று, ஆபத்தும்கூட.

இனிப் பழுதுகள். நிறைக்க நிறைய எதிர்ப்புச் சீராகக் கூடிக்கொண்டே போனால் அது சுருள்வில்லின் இயல்பு. அதை ‘விறைப்பு’ என்போம். புதிய தூணியில் இது மிகுதியாக இருக்கும். சில முறை நிறைத்து ஒழித்தால் ஓரளவு தணியும். வளையங்களை வெட்டிவிடலாம் என்று ஒருவர் எழுதியிருந்த யோசனையைக் கையேட்டில் சேர்க்கவே கூடாது. வெட்டிய சுருள்வில் நிறைக்க இலகுவாகத்தான் இருக்கும். ஆனால் தூணி காலியாகும் தறுவாயில், ஆணிப்பூட்டு (தோட்டாவை அறைக்குள் தள்ளி அடைக்கும் பகுதி) முன்னோக்கி வருவதற்குள் தோட்டாவை உயர்த்தும் வலு அதற்கு இராது.

எதிர்ப்பு சீராகக் கூடாமல் நடுவழியில் ஓரிடத்தில் திடீரென நின்றால் அது ‘பிடிப்பு’. அண்மையில் இப்படி ஒரு தூணியைப் பார்த்தேன். பதினெட்டாம் தோட்டாவுக்கு மேல் இறங்கவில்லை. அனைத்தையும் வெளியே எடுத்துவிட்டு, வெறும் ஏந்துதட்டை ஒரு மரக்குச்சியால் மெதுவாக அழுத்தியபோதும் அதே ஆழத்தில் நின்றது. சுவரின் வெளிப்புறத்தில் விரலை ஓட்டினால் பயறளவுக்கு ஒரு குழிவு தட்டுப்பட்டது; குழிவு உட்புறம் புடைத்து, ஏந்துதட்டைச் சாய்த்து நிறுத்தியிருந்தது. சுவரில் குழிவோ பிசிரோ, உள்ளே மணலோ எதுவாயினும் இந்தக் குச்சிச் சோதனை காட்டிக்கொடுக்கும். தூசியைச் சேர்த்துவைக்கும் என்பதால் உட்சுவருக்கு எண்ணெய் தாராளமாகப் பூசவும் கூடாது.

கடைசி ஓரிரு தோட்டாக்கள் மட்டும் அசையவே மறுத்தால் அது ‘முட்டல்’. சுருள்வில்லின் வளையங்கள் ஒன்றோடொன்று தொட்டு, மேலும் சுருங்க இடமின்றி நிற்கும் நிலை. இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் படையினர் பயன்படுத்திய ஸ்டென் துப்பாக்கியின் தூணி 32 தோட்டா கொள்வது; ஆயினும் அதை நிரம்ப நிறைக்காமல் ஓரிரண்டு குறைத்து இடுவதே வழக்கமாக இருந்தது. வாய்வரை நிறைத்த தூணியில் இறங்க இடமில்லாததால், மூடிய ஆணிப்பூட்டின் அடியில் அதைச் செருகுவதும் கடினமாகும்.

ஸ்டென் இன்னொரு சொல்லையும் கேட்கிறது. அதன் தூணியில் இரண்டு வரிசையாக அடுக்கப்பட்ட தோட்டாக்கள் மேலே ஒரே வரிசையாக ஒடுங்குகின்றன. புதிய தோட்டா ஒவ்வொன்றும் முந்தையதைக் கீழே அழுத்தி, வாய்விளிம்பின் அடியில் பின்னோக்கி நுழைய வேண்டும். ஒடுங்கும் இடத்தில் தோட்டாக்கள் ஆப்புப்போல் இரு சுவர்களையும் நெருக்கும். அதனால்தான் அத்துப்பாக்கியோடு நிறைப்புக் கருவி ஒன்றும் வழங்கப்பட்டது. தாம்சன் துப்பாக்கியின் 20, 30 தோட்டாத் தூணிகளிலோ இரு வரிசையும் வாய்வரை இரண்டாகவே வருவதால், கட்டைவிரலால் நேராக அழுத்தினாலே போதும். முன்னதை ‘இருநிரை ஒருவாய்த் தூணி’ என்றும் பின்னதை ‘இருநிரை இருவாய்த் தூணி’ என்றும் வழங்கலாம். பழுதே இல்லாத ஒருவாய்த் தூணியும் விரலை நோகச் செய்யும் என்பதைக் கையேடு முதல் பத்தியிலேயே சொல்ல வேண்டும்.

‘பிடிப்பு’ என்பதற்குத் தசைப்பிடிப்பு நினைவுக்கு வருகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். நகர வேண்டியது நகராமல் நிற்பதுதானே இரண்டிலும் நடக்கிறது? ‘சிக்கு’ என்றால் நூலும் முடியும் நினைவுக்கு வரும். இங்கே எதுவும் பின்னிக்கொள்ளவில்லை.

வரைவின் நான்காம் பத்தியை இவ்வாறு மாற்றலாமா? “தூணியைத் துப்பாக்கியிலிருந்து கழற்றி, தோட்டாக்களை முழுவதும் அகற்றுக. ஏந்துதட்டைக் குச்சியால் அடிவரை அழுத்துக. வழியில் நின்றால் பிடிப்பு, சுவரைப் பார்க்க. நில்லாமல் சீராக இறுகினால் விறைப்பு, சுருள்வில்லை வெட்டற்க. நிறைக்கையில் கடைசித் தோட்டா மட்டும் மறுத்தால் முட்டல். இரண்டு குறைத்து நிறைக்க.”

அன்புடன்.