அசோசியேஷன் கோல்ஃப் சீசன் முடிஞ்சாச்சு: இன்னும் மனசை அரிக்கிற ஒரு விஷயம் சொல்லுங்க

பங்கர்வாசி
ஃபோர்பால்ல ஆரம்பிச்சு டீம் சாம்பியன்ஷிப் வரைக்கும் எல்லாம் முடிஞ்சுது. யார் ஜெயிச்சாங்கன்னு எல்லாருக்கும் தெரியும், அதை விடுங்க.

என்னுடையது ஸ்ட்ரோக் ப்ளே (மொத்த அடிகளை எண்ணுற ஆட்டம்) குவாலிஃபையிங், ரெண்டாவது ரவுண்டு. நான் மார்க்கரா (ஸ்கோர் எழுதுறவனா) இருந்த பையன் 16வது டீல (ஹோலோட முதல் அடி அடிக்கிற இடம்) பந்தை வலது பக்க மரங்களுக்குள்ள சொருகிட்டான். "சரி, இன்னொண்ணு அடிச்சுடுறேன்"னு சொல்லி அடிச்சான். ப்ரொவிஷனல், அதாவது முதல் பந்து கிடைக்காட்டி மட்டும் செல்லுற பந்துன்னு முன்னாடியே சொல்லணும், அந்த வார்த்தையே வாயில வரலை. போய்ப் பார்த்தா முதல் பந்து மரத்துக்கு வெளியே, புல்லு மேல ஜம்முன்னு உக்காந்திருக்கு. நேரா குழி இருக்கிற க்ரீன் தெரியுது. அவனுக்கு வாயெல்லாம் பல்லு. நான்தான் சொல்ல வேண்டியதாப் போச்சு: "தம்பி, ரெண்டாவதா அடிச்சதுதான் இப்ப உன் பந்து. பெனால்டி ஒண்ணு சேர்த்து அடுத்தது உனக்கு நாலாவது ஸ்ட்ரோக்."

சண்டை போட்டிருந்தாக்கூடப் பரவாயில்லை. குனிஞ்சு அந்தப் பந்தை எடுத்தான், அடையாளத்துக்குத் தான் போட்டிருந்த பச்சைப் புள்ளியைப் பார்த்தான், பேன்ட்ல துடைச்சுப் பைக்குள்ள போட்டுக்கிட்டான். ஒரே ஒரு ஸ்ட்ரோக்ல மேட்ச் ப்ளேக்குப் (ஹோல் ஹோலா ஒருத்தரோட ஒருத்தர் மோதுற சுற்றுக்கு) போகலை.

ஓபிராஜா
அண்ணே, அவன் ரெண்டாவது பந்தை டீல வைக்கும்போதே "ப்ரொவிஷனலா தம்பி?"ன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே? ரூல் என்னன்னு சொல்றது அட்வைஸ் ஆகாது. எந்த க்ளப் எடுக்கணும்னு சொன்னாத்தான் தப்பு.

சரி, என் கதை. மேட்ச் ப்ளே குவார்ட்டர் ஃபைனல். எதிராளி 17 ஹோல் வரைக்கும் தங்கமான மனுஷன். ஒண்ணரை அடி, ரெண்டடி பட் (குழிக்குள்ள உருட்டுறது) எல்லாம், அடிக்காமலே விழுந்ததா வெச்சு "எடுத்துக்கோங்க, எடுத்துக்கோங்க"ன்னு கொடுத்துட்டே வந்தாரு. 18ல ரெண்டு பேரும் சமம். எனக்கு ரெண்டடி. அவரைப் பார்க்கிறேன். அவரு குனிஞ்சு தன் பேக்ல ஜிப்பைத் திறக்கிறாரு, மூடுறாரு, மறுபடி திறக்கிறாரு. ஒரு வார்த்தை இல்லை. காலையிலேர்ந்து அந்தத் தூரத்துல நான் ஒரு பட்டுகூட அடிச்சதில்லையே! கப் விளிம்பைச் சுத்தி வெளியே வந்துடுச்சு. அடுத்த ஹோல்ல ஆட்டம் க்ளோஸ்.

முதியோர் டீ
ஓபிராஜா தம்பி, கொடுப்பதும் கொடுக்காததும் அவர் உரிமை. கேட்டு வாங்குகிற பொருள் அல்ல அது. 1969 ரைடர் கோப்பை அணிப் போட்டியில் கடைசி க்ரீனில் அமெரிக்காவின் ஜாக் நிக்லாஸ், பிரிட்டனின் டோனி ஜாக்லினுக்கு ஒரு சின்ன பட்டை விட்டுக் கொடுத்ததால் போட்டி 16-16 என்று முடிந்தது. இன்றைக்கும் பேசுகிறோம் என்றால், அது வழக்கமாக நடப்பதில்லை என்றுதானே அர்த்தம்?

என் அனுபவம் சின்னது. சீனியர் சாம்பியன்ஷிப்பில் ஒருவர் ஜெயித்துவிட்டார் என்று எல்லோரும் கை கொடுத்துக்கொண்டிருந்தோம். ரெஃபரி வந்து தோளைத் தொட்டுத் தனியே கூட்டிப் போனார். ஏழாவது ஹோலில் அவர் அடித்தது 5, கார்டில் இருந்தது 4, கீழே அவர் கையெழுத்து. தகுதி நீக்கம். அதற்குப் பிறகும் ஒருவர் விஷயம் தெரியாமல் ஓடிப் போய் அவருக்குக் கை கொடுத்தார், அவரும் கொடுத்தார்.

இளைஞர்களுக்குச் சொல்கிறேன், தயவுசெய்து கேளுங்கள். ஸ்கோரிங் மேசையில் உட்காருங்கள், நின்றுகொண்டு கையெழுத்துப் போடாதீர்கள். மார்க்கரை ஒவ்வொரு ஹோலாக வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். மொத்தத்தைக் கூட்டிக்கொண்டிருக்காதீர்கள், அது கமிட்டியின் வேலை. நம் பொறுப்பு ஹோல் ஸ்கோர் மட்டும். 2023 முதல் ஹேண்டிகேப்பைக் (ஆட்டக்காரரின் திறனுக்கேற்ற சலுகை எண்) கார்டில் எழுதும் பொறுப்பும் நமக்கு இல்லை. அடித்ததைவிடக் குறைவாக எழுதினால் வெளியே, கூடுதலாக எழுதினால் அந்தக் கூடுதலே நிற்கும். 1968 மாஸ்டர்ஸில் ராபர்ட்டோ டி விசென்சோ 17வது ஹோலில் 3 அடித்தார், மார்க்கர் 4 என்று எழுதினார், இவர் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். 65 அடித்தவருக்கு 66. பாப் கோல்பியோடு ப்ளேஆஃப் ஆட வேண்டியவர் ஒரு ஸ்ட்ரோக்கில் தோற்றார். கார்டை ஒப்படைத்து முடித்துவிட்டால் கடவுளே வந்தாலும் திருத்த முடியாது. பென்சில் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூனியர்அம்மா
ஐயா, பென்சில் வரைக்கும் வந்துட்டீங்க 🙂

ஜூனியர் கேர்ள்ஸ், கடைசி நாள். என் பொண்ணுக்கு மூணாவது இடத்துக்கு ஒரு நாலடி பட். வானம் கறுத்துக்கிட்டே வருது. புட்டரைப் பின்னால இழுத்துட்டா. அந்த நொடியில சைரன், ஒரே நீளமா. நீளமா ஊதினா உடனே நிறுத்தணும், அதுக்கப்புறம் ஒரு ஸ்ட்ரோக் அடிச்சாலும் போட்டியிலேர்ந்தே வெளியே. (மூணு குட்டிக் குட்டியா ஊதினா, ஆரம்பிச்ச ஹோலை முடிச்சுக்கலாம்.) கயித்துக்கு அந்தப் பக்கம் நிக்கிற எனக்கு மூச்சே வரலை. பின்னால போன புட்டர் அப்படியே நின்னுச்சு. மெதுவா இறக்கினா, பந்து இருந்த இடத்துக்கு அடையாளமா காசை வெச்சா, பந்தை எடுத்தா.

க்ளப்ஹவுஸ்ல வெகுநேரம் உக்காந்திருந்தோம். ஒரு வார்த்தை பேசலை, புட்டர் க்ரிப்பைத் துடைச்சுக்கிட்டே இருந்தா. ஏதாவது சொல்லலாமான்னு வாயைத் திறந்தேன், "அம்மா, வேண்டாம்"னா. மறுபடி ஆடலாம்ங்கிற ரெண்டு குட்டி சைரன் கேட்டதும் எழுந்து போனா.

விழுந்துச்சான்னு எல்லாரும் கேக்கிறாங்க. விழலை.

பையைத்தூக்கி
நான் கேடி. ஃபோர்சம்ஸ்ல ஒரு அப்பா-பையன் ஜோடிக்குப் பை தூக்கினேன். மாத்தி மாத்தி அடிக்கிற ஆட்டம், ஒருத்தர் போட்ட குப்பையில இன்னொருத்தர் நின்னு அடிக்கணும். பையன் பங்கர்ல போட்டான், அப்பா எடுக்க முடியாம அங்கேயே விட்டாரு, மறுபடி பையன், மறுபடி அப்பா. நாலாவது தடவை அந்தப் பெரியவர் பந்தைக்கூடப் பார்க்கலை, பையனைத் திரும்பிப் பார்த்துச் சிரிச்சாரு பாருங்க... அதோட ரேக்கை என் கையிலேர்ந்து பிடுங்கி அவரே மணலை இழுத்து விட்டாரு. அது என் வேலைங்க. அதான் இன்னும் உறுத்துது, ஏன்னு கேக்காதீங்க.

பங்கர்வாசி
@ஓபிராஜா கேட்டிருக்கலாம்தான். நான் டீக்குப் பக்கவாட்டுல பந்து போன திசையைக் குறி வெச்சுப் பார்த்துட்டிருந்தேன். திரும்பறதுக்குள்ள அடிச்சுட்டான். அதுக்கப்புறம் "கண்டுக்காம விடு"ன்னு ரெண்டு பேரும் பேசி வெச்சிருந்தா ரெண்டு பேருமே டிஸ்குவாலிஃபை. தெரிஞ்சே ரூலை ஒதுக்கி வைக்க நமக்கு உரிமை கிடையாது. மத்தவங்களும் அதே கட்டுக்குத்தானே ஆடுறாங்க?

உங்க மூணடி பட்டை அவரு ஏன் கொடுக்கணும்னு எனக்கும் புரியலை.

ஓபிராஜா
ரெண்டடி. ரெண்டடின்னுதான் எழுதியிருக்கேன், மேல போய்ப் பாருங்க.