தாம்பரம் – சிறுசேரி, ஒரு பக்கம் 25 கி.மீ.: சைக்கிளில் ஆபீஸ் போக முடியுமா?

கிழக்குத்தாம்பரம்:
கிழக்குத் தாம்பரத்திலிருந்து மேடவாக்கம், பெரும்பாக்கம், சோழிங்கநல்லூர் வழியாகச் சிறுசேரி சிப்காட் ஏறக்குறைய 25 கி.மீ. வாரம் மூன்று நாள் ஆபீஸ், 9:30க்கு உள்ளே இருக்க வேண்டும். வண்டி ஹைப்ரிட்: 700×35 டயர், பின்னால் 7 கியர் ஃப்ரீவீல் (பின்சக்கரத்தில் திருகி மாட்டும் பல்சக்கரத் தொகுதி), வி பிரேக். என் எடை 78 கிலோ. லேப்டாப், சாப்பாடு, மாற்றுத்துணி எல்லாம் சேர்ந்து முதுகுப் பை 5 கிலோ. ஆபீசில் குளிக்க வசதி கிடையாது. இதுவரை 10, 12 கி.மீ. ஓட்டித்தான் பழக்கம். எப்போது கிளம்புவது, வண்டியில் எதைக் கவனிப்பது, வியர்வைக்கு என்ன வழி?

எதிர்காத்து:
தூரம் பிரச்சினையே இல்லை, சாலை முழுக்கச் சமதளம். சிக்னலெல்லாம் சேர்த்துச் சராசரி 18 கி.மீ. வேகம் வந்தால்கூட ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஆறேகாலுக்குக் கிளம்புங்கள். ஏழரைக்கு மேல் மேடவாக்கத்தில் ஸ்கூல் வேன், கம்பெனி பஸ் நெரிசலில் மாட்டிக்கொள்வீர்கள். அங்கே மேம்பாலத்தில் ஏறாமல் கீழே போய், சோழிங்கநல்லூர் ரோட்டுக்கு வலப்பக்கம் திரும்பும் இடத்தில் இறங்கி, நடப்பவர்களோடு தள்ளிக்கொண்டு கடப்பதுதான் நல்லது.

பலரும் யோசிக்காத விஷயம் வெயிலின் திசை. காலையில் கிழக்கே போகிறீர்கள், மாலையில் மேற்கே திரும்புகிறீர்கள். இரண்டு வேளையும் சூரியன் உங்கள் கண்ணில் மட்டுமல்ல, பின்னால் வரும் டிரைவர் கண்ணிலும் அடிக்கும். அதனால் பின்விளக்கைப் பகலிலும் மினுக்க விடுங்கள். காற்று மட்டும் உங்கள் கட்சி: கோடையில் மதியத்துக்கு மேல் கடற்காற்று எழும், வீடு திரும்பும்போது முதுகைத் தள்ளும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வாடைக்காற்று காலையிலேயே எதிரே நிற்கும். அந்த மாதங்களில் 15 நிமிடம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாக்கம் பக்கம் பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டிய தாழ்வான நிலம், மழைக்குத் தண்ணீர் நிற்கும். ஓரமாகப் போகாதீர்கள், வடிகால் மூடி திறந்திருந்தால் தெரியாது. பெடல் அச்சு வரை தண்ணீர் என்றால் இறங்கித் தள்ளுங்கள், பேரிங்குக்குள் சேறு போனால் அதன் ஆயுள் முடிந்தது. ஓஎம்ஆரில் (பழைய மகாபலிபுரம் சாலை) மெட்ரோ வேலைக்குத் தடுப்பு போட்டிருக்கும் இடங்களில் இடது ஓரம் முழுக்க மணலும் ஜல்லியும்தான். ஓரத்திலிருந்து ஒரு மீட்டர் உள்ளே தள்ளி, நேர்கோட்டில் ஓட்டுங்கள்.

வண்டலூர் – கேளம்பாக்கம் ரோடு வழியாகவும் வரலாம். ஆனால் சுற்று, கல்லூரி பஸ்களும் அதிகம். தேவையில்லை.

பின்வீல்:
35 டயரே போதும், மாத்த வேண்டாம். காத்துதான் முக்கியம். உங்க எடைக்கும் முதுகுப் பை எடைக்கும் சேத்து பின்னாடி 60, முன்னாடி 50 பிஎஸ்ஐ (காத்தழுத்த அளவு). டயர் மேல எழுதியிருக்கிறது அதிகபட்ச அளவு, அவ்வளவு அடிச்சா ஒவ்வொரு குழியும் முதுகுல இடிக்கும். ட்யூப்ல காத்து தானாவே இறங்கும், வாரம் ஒருதடவை அழுத்தம் காட்டுற கேஜ் வச்ச, தரையில நிக்கிற பம்புல பாருங்க. கட்டை விரலால அமுக்கிப் பாக்குறதை நம்பாதீங்க.

பஞ்சர் ஆனா ஒட்டுறதுக்கு முன்னாடி ஓட்டை எங்க இருக்குன்னு பாருங்க, காரணம் அதுலயே தெரியும். பக்கத்துல பக்கத்துல ரெண்டு ஓட்டைன்னா காத்து குறைவா ஓட்டி, பள்ளத்து விளிம்புல ட்யூப் ரிம்மோட நசுங்கியிருக்கு. ரிம் பக்கம் ஓட்டைன்னா ரிம் டேப் (ரிம்முக்குள்ள ஒட்டுற பட்டை) விலகி ஸ்போக் நிப்பிள் (ஸ்போக் கம்பியோட முனை நட்டு) குத்துது. வெளிப்பக்கம் ஒத்தை ஓட்டைன்னா முள்ளோ கம்பித்துண்டோ. அது இன்னும் டயர்லயே இருக்கும், உள்பக்கமா விரலை மெதுவா ஓட்டித் தேடி எடுக்காம புது ட்யூப் போட்டா, நூறு மீட்டர்ல அதுவும் போயிடும்.

பையில வேண்டியது: ஒரு ஸ்பேர் ட்யூப், டயர் லீவர் ரெண்டு, சின்ன பம்பு, ஒட்டு செட், 4, 5, 6 எம்எம் ஆலன் கீ. பின்வீல் நட்டு வச்சதுன்னா 15 ஸ்பேனர் கட்டாயம், இல்லன்னா வீலையே கழட்ட முடியாது. ட்யூப் வாங்கும்போது மோட்டார் பைக் ட்யூப்ல இருக்கிற மாதிரி வால்வு உள்ளதா வாங்குங்க, பெட்ரோல் பங்க்லயும் காத்து பிடிக்கலாம்.

அடுத்தது அச்சு. ஃப்ரீவீல் வண்டியில செயின் பக்கத்து பேரிங் உள்ள தள்ளி இருக்கும். அதுக்கு வெளிய அச்சுக்கம்பி தாங்கல் இல்லாம நீண்டு நிக்குது. கேரியர்ல எடையும் வச்சுக்கிட்டு, வேகத்தடையில சீட்டை விட்டு எழும்பாம இறக்கினீங்கன்னா வளையும், கடைசியில ஒடியும். வீலைக் கழட்டி அச்சைக் கையால சுத்திப் பாருங்க. முனை நேரா நிக்காம வட்டம் போட்டா வளைஞ்சிருக்கு, உடனே மாத்திடுங்க.

செயினுக்கு ஸ்கேல் போதும். செயின்ல ஒரு பின்னோட (கண்ணிகளைச் சேக்கிற ஆணி) நடுவுல பூஜ்யத்தை வைங்க. 12 அங்குலத்துல இன்னொரு பின்னோட நடு சரியா வரணும். பதினாறுல ஒரு பங்கு அங்குலம் தாண்டிடுச்சுன்னா புது செயின் போடுங்க, அதையும் தாண்டி விட்டா ஃப்ரீவீலும் சேந்து போகும். மழையில நனைஞ்ச அன்னைக்கே துடைச்சு எண்ணெய் விடுங்க.

டர்க்கித்துண்டு:
முதுகில் பை மாட்டுவதை விட்டாலே வியர்வைத் தொல்லை பாதி குறையும். பின் கேரியரும் பக்கவாட்டுப் பையும் வாங்குங்கள். பையைக் கூடிய மட்டும் பின்னால் தள்ளி மாட்டுங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு மிதியிலும் குதிகால் இடிக்கும். லேப்டாப்பைக் கேரியர்மேல் படுக்க வைக்கவே கூடாது. உறையில் போட்டுப் பக்கவாட்டுப் பையில் நிமிர்த்தி வையுங்கள்.

போய்ச் சேர்ந்ததும் துடைக்க ஓடாதீர்கள். உடம்புச் சூடு தணிகிறவரை வியர்த்துக்கொண்டேதான் இருக்கும், மாற்றிய சட்டையும் நனையும். 15 நிமிடம் ஃபேன் கீழே உட்கார்ந்துவிட்டு, ஈரத்துண்டால் கழுத்து, அக்குள், தொடையிடுக்கு துடைத்து, உலர்ந்த துண்டால் ஒற்றி, உள்ளாடை உட்பட மாற்றுங்கள். ஓட்டும்போது பாலியஸ்டர் பனியன்தான், பருத்தி நனைந்தால் காயாது. பேட் வைத்த ஷார்ட்ஸுக்குள் ஜட்டி போடக் கூடாது, தையல் உரசிப் புண்ணாகும். நனைந்த ஷார்ட்ஸைச் சுருட்டிப் பையில் அடைத்து மாலையில் அதையே மாட்டினால் படர்தாமரை நிச்சயம். இரண்டு ஜோடி வேண்டும்.

தண்ணீர் மணிக்கு அரை முதல் முக்கால் லிட்டர். ஏப்ரல், மே மாலைகளில் வெறும் தண்ணீர் போதாது. ஒரு லிட்டருக்கான ஓஆர்எஸ் பாக்கெட்டை முழுசாக ஒரு லிட்டரிலேயே கரையுங்கள். அரை லிட்டரில் கொட்டிக் கலக்கிக் குடிப்பது தவறு.

எதிர்காத்து:
ஒன்று விட்டுப்போனது. முதல் மாதம் ஒரே நாளில் 50 கி.மீ. வேண்டாம். காலையில் ஓட்டிப் போய் வண்டியை ஆபீசில் பூட்டிவிட்டு மாலை பஸ்ஸில் திரும்புங்கள். அடுத்த ஆபீஸ் நாள் பஸ்ஸில் போய், மாலை சைக்கிளில் வாருங்கள்.

கிழக்குத்தாம்பரம்:
அப்படியே ஆரம்பிக்கிறேன். 12 கி.மீ. தாண்டினால் இரண்டு முட்டியிலும் முன்பக்கம் வலிக்கிறது, அதற்கும் வழி சொல்லுங்கள்.

பின்வீல்:
பெரும்பாலும் சீட் தாழ்வா இருக்கும். செவுத்தைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்து, பெடலைக் கீழ இறக்கி, குதிகாலை அதுமேல வைங்க. கால் முழுசா நீளணும், இடுப்பு சரியக் கூடாது. ஓட்டும்போது பாதத்தோட முன்பகுதியால மிதிச்சா முட்டியில லேசா மடிப்பு கிடைக்கும். ஒரேயடியா ஏத்தாம 5 எம்எம் ஏத்தி ரெண்டு மூணு நாள் ஓட்டிப் பாருங்க. முட்டிக்குப் பின்னாடி இழுத்தா ஏத்தினது அதிகம். சீட் கம்பியில, இதுக்கு மேல ஏத்தக் கூடாதுன்னு போட்டிருக்கிற கோடு வெளிய தெரியவே கூடாது. அப்புறம் கியர்: கஷ்டப்பட்டு அழுத்தி மிதிக்காதீங்க, லேசான கியர்ல நிமிஷத்துக்கு 80 சுத்து. இவ்வளவும் செஞ்சு ரெண்டு வாரத்துல வலி போகலைன்னா டாக்டர்கிட்ட காட்டுங்க.