புதுப்பிப்பு: ஏற்றத்தில் ஹப் மோட்டார் அச்சு சுழன்ற பிரச்சினை தீர்ந்தது

வழி சொன்ன எல்லாருக்கும் நன்றி. செங்கோட்டையில் பழைய சைக்கிளின் பின்சக்கரத்தில் 36 வோல்ட், 250 வாட் ஹப் மோட்டார் (சக்கரத்தின் நடுவிலேயே இருந்து அதைச் சுழற்றும் மோட்டார்; இதன் அச்சு மட்டும் சுழலாமல் நிற்க வேண்டும்) மாட்டியிருந்தேன். புளியரை தாண்டி ஆரியங்காவு போகும் ஏற்றத்தில் அச்சு சுழன்று வயரை முறுக்கி அறுத்துவிட்டது. அதற்குத்தான் வழி கேட்டிருந்தேன்.

முதலில் நட்டை இன்னும் இறுக்கிப் பார்த்தேன், பலனில்லை. டார்க் ஆர்ம், அதாவது அச்சு சுழலாமல் ஃபிரேமோடு பிடித்து நிறுத்தும் பட்டை, போடச் சொன்ன யோசனைதான் பலித்தது. 6 மி.மீ. இரும்புப் பட்டையில் துளை போட்டு, அச்சின் தட்டைப் பகுதிக்கு ஏற்ப 10 மி.மீ. அகலத்துக்கு அரத்தால் ராவினேன். இதில் அவசரமே கூடாது. துளி இடைவெளி இருந்தாலும் அச்சு ஆடி ஆடி அந்தத் துளையைத் தின்றுவிடும். எனக்கு இரண்டு சாயங்காலம் பிடித்தது. மறுமுனையை ஃபிரேமில் கிளாம்ப் வைத்துப் பிடித்தாயிற்று. நான்கு முறை ஏறி இறங்கியும் அச்சு அசையவில்லை.

எதிர்பாராத ஒன்று: துணிப்பைக்குள் இருந்த கன்ட்ரோலர் (மோட்டாருக்குப் போகும் கரண்டைக் கட்டுப்படுத்தும் பெட்டி) தொட முடியாத அளவு சுட்டது. ஏற்றத்தில் வேகம் குறைந்தால் மோட்டார் அதிகக் கரண்ட் இழுக்கும், பைக்குள் காற்றும் இல்லை. அப்புறம் அதை வெளியே எடுத்து, அலுமினியத் தகட்டில் பதித்து, வயர்கள் கீழ்நோக்கி இருக்கும்படி மாட்டினேன். இப்போது வெதுவெதுப்புதான்.