மறு: எல்.என்.பி.க்குத் தமிழ்ச்சொல் – 'அலையிறக்கி' பொருந்துமா?

வணக்கம். எல்.என்.பி. என்பது டிஷ்ஷின் குவியத்தில் நிற்கும் சிறு கருவி; விரித்தால் 'லோ நாய்ஸ் பிளாக் டவுன்கன்வர்ட்டர்'. அதற்கு 'அலையிறக்கி' என்ற சொல்லை நான் முன்வைத்ததற்கு வந்த கேள்விகளுக்கு இது பதில்.

> 'குறையிரைச்சல் தொகுதிக் கீழ்மாற்றி' என்றே வைத்துவிடலாம். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு சொல் வந்துவிடுகிறது.

வந்துவிடுகிறது, ஆனால் 'தொகுதி' தப்பான இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. படிப்பவர் 'மூடி போட்ட ஒரு பாகம், அதனால் தொகுதி' என்று எடுத்துக்கொள்வார். அந்தப் பெயரில் உள்ள 'பிளாக்' கருவியைச் சொல்லவில்லை, அலைப்பட்டையை, அதாவது அடுத்தடுத்த அதிர்வெண்களின் தொகுப்பைச் சொல்கிறது. பட்டையில் உள்ள எல்லா அலைகளையும் மொத்தமாக ஒரே அளவு கீழே தள்ளுவதால் அந்தப் பெயர்.

கணக்கைப் பார்த்தால் விளங்கும். வீட்டு டிஷ்ஷுக்கு வரும் கேயு பட்டை 10.7 முதல் 12.75 கிகாஹெர்ட்ஸ் வரை. இவ்வளவு உயர்ந்த அதிர்வெண்ணைச் சாதாரண கேபிளில் விட்டால் மொட்டைமாடியிலிருந்து கூடத்துக்கு வருவதற்குள் பெரும்பகுதி கரைந்துவிடும். அதனால் டிஷ்ஷின் குவியத்திலேயே வைத்து அதைக் குறைக்கிறார்கள். எல்.என்.பி.க்குள் 9.75 கிகாஹெர்ட்ஸில் ஓடும் ஓர் அலையியற்றி (தானே சீரான அலையை உண்டாக்கும் பாகம்) இருக்கிறது. வரும் அலையை அதனோடு கலந்தால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கிடைக்கும். டிடி ஃப்ரீ டிஷ்ஷின் 11,090 மெகாஹெர்ட்ஸ் அலை கேபிளில் 1,340 ஆக இறங்குவது இப்படித்தான். பட்டையின் மேல்பாதிக்கு 10.6 கிகாஹெர்ட்ஸில் இன்னோர் இயற்றி. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கேபிளில் ஓடுவது 950 முதல் 2,150 மெகாஹெர்ட்ஸ் வரை. எந்தச் சேனல் வேண்டும் என்று எல்.என்.பி. பார்ப்பதே இல்லை, எல்லாவற்றையும் இறக்கி அனுப்பிவிடும். பொறுக்குவது கீழே உள்ள செட்டாப் பாக்ஸின் வேலை.

அதனால்தான் 'அலையிறக்கி' என்கிறேன். கருவி செய்யும் வேலையே பெயர்.

> இரைச்சல் குறைவு என்பதுதானே அதன் சிறப்பு? அதை விட்டால் எப்படி?

35,786 கிலோமீட்டர் தாண்டி வரும் அலை மிகவும் நலிந்திருக்கும். முதல் பெருக்கி தன் பங்குக்குச் சேர்க்கும் இரைச்சல் (சிக்னலில் கலக்கும் வேண்டாத மின்னலைகள்) அடுத்தடுத்த நிலைகளில் சிக்னலோடு சேர்ந்தே பெருகும், பிறகு பிரிக்க வழியில்லை. ஆகவே அந்தத் தன்மை அவசியம்தான். ஆனால் அதைப் பெயரிலேயே ஏற்ற வேண்டுமா? சத்தம் குறைவாக ஓடினால்தான் வாங்குவோம் என்பதற்காகத் தண்ணீர் மோட்டாருக்குச் 'சத்தங்குறைமோட்டார்' என்று யாரும் பெயர் வைப்பதில்லை. 'இரைச்சல் குறைந்த அலையிறக்கி' என்று தேவைப்படும் இடத்தில் அடையாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

> 'அலைமாற்றி' எளிது.

எளிதுதான், ஆனால் 'மாற்றி'க்கு ஏற்கெனவே வேலைப்பளு அதிகம். மின்மாற்றி தொடங்கி எத்தனையோ இருக்கின்றன. தவிர, எந்தப் பக்கம் மாற்றுகிறது என்று தெரியாது. நிலையத்திலிருந்து செயற்கைக்கோளுக்கு அனுப்பும்போது இதே வேலை தலைகீழாக நடக்கிறது: தாழ்ந்த பட்டையை மொத்தமாக மேலே தூக்குகிறார்கள். அந்தக் கருவியை 'அலையேற்றி' என்று சொல்லிவிடலாம். ஏடிஎம் அறைகளின் கூரையில் இருக்கும் விசாட் டிஷ்களில் (செயற்கைக்கோளோடு இருவழியும் பேசும் சிறு டிஷ்கள்) இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஏற்றி, இறக்கி என்று ஜோடியாகச் சொல்ல முடிவது எனக்குப் பெரிய வசதியாகப் படுகிறது.

> 'இறக்கி' என்றால் பதிவிறக்கம் நினைவுக்கு வரும். வானத்திலிருந்து இறக்குவது என்றும் நினைப்பார்கள்.

பதிவிறக்கம் குழப்பாது என்றே நினைக்கிறேன், முன்னால் 'அலை' இருக்கிறதே. இரண்டாவது நியாயமான கேள்வி. பாடநூலில் முதல் வரியிலேயே 'அதிர்வெண்ணை இறக்குவது' என்று எழுதிவிட்டால் தீர்ந்தது. இலங்கை நண்பர்கள் 'மீடிறனை இறக்குவது' என்று எழுதுவார்கள், 'அதிர்வெண்ணிறக்கி' என்று நீட்டினால் அவர்களுக்கு அந்நியமாகிவிடும். அவர்கள் செய்மதி என்பதும் நாம் செயற்கைக்கோள் என்பதும் போகட்டும், 'அலை' இரு பக்கத்துக்கும் பொது.

சி பட்டைக்கும் இது பொருந்துகிறதா என்று பார்த்தேன். 90களில் கேபிள்காரர்கள் வைத்திருந்தார்களே, வலைபோட்ட பெரிய டிஷ், அந்த வகை. அங்கே இயற்றி 5,150 மெகாஹெர்ட்ஸ், வரும் அலையோ 3,700 முதல் 4,200 வரை. கழித்தால் 1,450 முதல் 950. அதாவது வரிசை தலைகீழாகிவிடும், மேலே இருந்தது கீழே வரும். ஆனாலும் இறக்கம் இறக்கம்தான், பெயர் நிற்கிறது. இரண்டு கேபிள் செருகும் வகைக்கு 'இருவாய் அலையிறக்கி', நான்குக்கு 'நால்வாய்' என்று வளர்க்கவும் வருகிறது.

டிஷ் மாட்ட வரும் தம்பி எல்.என்.பி. என்றுதான் சொல்வார். அதில் எனக்கு வருத்தமில்லை. இது ஐடிஐ பாடத்துக்கும் கலைக்களஞ்சியக் கட்டுரைக்கும்.

சரி, இதோடு ஒட்டி இன்னொரு சிக்கல். செட்டாப் பாக்ஸ் அதே கேபிள் வழியாக மேலே மின்சாரமும் அனுப்புகிறது. அந்த மின்னழுத்தமே கட்டளையும் கூட: 13 வோல்ட் என்றால் நிலைக்குத்தாக ஆடும் அலை, 18 என்றால் கிடையாக ஆடும் அலை. அதன்மேல் 22 கிலோஹெர்ட்ஸ் துடிப்பு ஏறினால் மேல்பட்டை இயற்றிக்கு மாறு என்று பொருள். சிக்னல் கீழே, மின்சாரமும் கட்டளையும் மேலே, எல்லாம் ஒரே ஒயரில். (இதை வடிவமைத்தவருக்கு ஒரு கும்பிடு போடலாம்.) இந்த நிலைக்குத்து–கிடை விஷயத்தை எப்படிச் சொல்வது? தமிழ்நாட்டுப் பாடநூலில் ஒளிக்குத் 'தளவிளைவு', மின்காப்புப் பொருளுக்கு 'முனைவாக்கம்' என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல், 'போலரைசேஷன்'. அலை எந்தத் தளத்தில் ஆடுகிறது என்பதே இங்கு விஷயம் என்பதால் என் ஓட்டு தளவிளைவுக்கு. 'முனை' என்றால் பிளஸ், மைனஸ் நினைவு வந்துவிடும்.

கடைசியாக, எல்.என்.பி.யின் வாயில் உள்ள கொம்பு. ஆங்கிலத்தில் 'ஃபீட்ஹார்ன்'. சென்ற மடலில் அதற்கு வந்த 'ஊட்டுக்கொம்பு' எனக்கு ஒட்டவில்லை. அனுப்பும் டிஷ்ஷில் அது அலையை ஊட்டுகிறது, சரி. வீட்டு டிஷ்ஷில் தட்டில் பட்டுக் குவியும் அலையை அது வாங்கத்தானே செய்கிறது? 'அலைக்கொம்பு' என்றால் இரண்டு பக்கமும் செல்லும். இதைவிட நல்லது இருந்தால் எழுதுங்கள், சொற்பட்டியலில் அந்த இடத்தை இப்போதைக்குக் காலியாக விட்டிருக்கிறேன்.

அன்புடன்.