க்ரூஸ் கப்பல்ல கட்டிவிடுற ரிஸ்ட்பேண்டு, காண்டாக்ட் ட்ரேசிங், நம்ம பிரைவசி: தெரிஞ்சவங்க சொல்லுங்க

கடல்காத்து:

எல்லாருக்கும் வணக்கம். அப்பா அம்மாவ ஒரு க்ரூஸ் கூட்டிட்டு போகணும்னு ரொம்ப நாள் ஆசை, இப்பதான் புக் பண்ற வரைக்கும் வந்திருக்கு. நேத்து ராத்திரி உக்காந்து அந்த கண்டிஷன்ஸ் பக்கத்த முழுசா படிச்சேன், அதுல ஒரு இடத்துல, தொற்றுநோய் ஏதாவது வந்தா பயணிங்க கப்பல்ல எங்கெங்க இருந்தாங்க, யார் பக்கத்துல இருந்தாங்க, உடம்பு எப்படி இருக்குங்கற விவரத்த எல்லாம் சுகாதார அதிகாரிங்ககிட்ட குடுப்போம்னு போட்டிருக்கு. அதோட ஒரு ரிஸ்ட்பேண்டு தருவாங்களாம், கேபின் கதவு திறக்குறதும் அதுலதான், பில் போடுறதும் அதுலதான், கொரோனா சமயத்துல இதே மாதிரி பேண்ட வச்சுதான் யார் யார் கூட இருந்தாங்கன்னு கண்டுபிடிச்சாங்கன்னு எங்கயோ படிச்ச ஞாபகம்.

அப்பா "நம்மகிட்ட மறைக்க என்னம்மா இருக்கு"ன்னு சொல்லிட்டு போயிட்டாரு. ஆனா ஹெல்த் ஃபார்ம்ல என்னென்ன மாத்திரை சாப்பிடுறீங்கன்னு கேட்ட இடத்துல பேனாவ கீழ வச்சிட்டாரு. அவர் சாப்பிடுற ஒரு மாத்திரை எங்க வீட்டுக்குள்ள மூணு பேருக்கு மட்டும்தான் தெரியும், சொந்தக்காரங்களுக்கு கூட தெரியாது. கூட வர்றது பெரியப்பா குடும்பம் வேற.

நான் காண்டாக்ட் ட்ரேசிங்க எதிர்க்கிற ஆள் இல்ல, அது இல்லாம எவ்வளவு உயிர் போச்சுன்னு தெரியும். ஆனா நிஜமாவே கப்பல்ல இது எப்படி நடக்குது, யார் கைக்கு என்ன போகுது, எத்தன நாள் வச்சிருப்பாங்க, வேணாம்னு சொல்ல முடியுமா? அனுபவப்பட்டவங்க யாராவது சொன்னா நல்லா இருக்கும்.

கேங்வே:

நான் ஆறு வருஷம் கப்பல்ல கெஸ்ட் சர்வீஸ்ல இருந்தேன், கடைசி ரெண்டு வருஷம் கொரோனாக்கு அப்புறம் கப்பல் திரும்ப ஓட ஆரம்பிச்ச காலம், அதனால இந்த ட்ரேசிங் வேலைய கையால செஞ்சவன்னு சொல்லலாம். கம்பெனி பேர் வேணாம்.

எப்படி நடக்கும்னா, மெடிக்கல் சென்டர்ல ஒருத்தருக்கு பாசிட்டிவ் வந்த உடனே எங்களுக்கு ஒரு போன் வரும், பெரும்பாலும் நடுராத்திரி. பேர் சொல்ல மாட்டாங்க, கேபின் நம்பர் மட்டும். நாங்க அந்த கேபின் கார்டு எந்த கதவுல எத்தன மணிக்கு பட்டுச்சு, எந்த ரெஸ்டாரண்ட்ல எந்த டேபிள், பார்ல என்ன பில், கரைக்கு இறங்குன டூர்ல எந்த பஸ், எல்லாத்தையும் எடுப்போம். செக்யூரிட்டில ரெண்டு பேர் சிசிடிவி முன்னாடி உக்காருவாங்க. 24 மணி நேரத்துல மொத்தமா கூட்டி 15 நிமிஷம், 6 அடிக்குள்ள, அப்படி யார் இருந்தாங்கங்கறதுதான் அப்போ அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையமான சிடிசி வச்சிருந்த கணக்கு. அஞ்சு நிமிஷம் மூணு தடவ நின்னு பேசினாலும் சேத்தி. இத வீடியோவ பாத்து எண்ணுறது எவ்வளவு நேரம் பிடிக்கும்னு யோசிச்சு பாருங்க.

ஆனா நான் சொல்ல வந்தது வேற. மெஷின் குடுக்குற லிஸ்ட் எப்பவுமே பாதிதான், மீதி பாதி அந்த ஆள் வாயில இருந்துதான் வரணும். ஒரு தடவ ஒரு பெரியவர், எழுபதுக்கு மேல இருக்கும், "நான் எங்கயும் போகலப்பா, கேபின்லயே இருந்தேன்"ன்னு சாதிச்சாரு. கார்டு ரெக்கார்டும் கிட்டத்தட்ட அதத்தான் சொல்லுது, சாயங்காலம் நாலு மணிக்கு மேல கதவே திறக்கல. நர்ஸ் போன வைக்காம பொறுமையா பேசினாங்க, "நீங்க சொல்ற பேருங்ககிட்ட உங்க பேர நாங்க சொல்ல மாட்டோம், பாதிக்கப்பட்ட ஒருத்தர் பக்கத்துல இருந்திருக்கீங்கன்னு மட்டும்தான் சொல்லுவோம்"னு ரெண்டு மூணு தடவ சொன்னாங்க. கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் மெதுவா, தினமும் சாயங்காலம் நாலு பேர் அவர் கேபினுக்கே வந்து சீட்டு விளையாடினத சொன்னாரு. தன்னால அவங்க டூர் கெட்டுப் போயிடும், மூஞ்சில முழிக்க முடியாதுங்கற பயம் அவருக்கு. விருந்தாளி வந்து தட்டினா உள்ள இருந்து கதவ திறக்கறதுக்கு கார்டு எதுக்கு? எந்த ரெக்கார்டுலயும் அந்த நாலு பேர் இல்ல. டெஸ்ட் பண்ணினதுல ரெண்டு பேருக்கு பாசிட்டிவ்.

அதனாலதான் பிரைவசி ஒரு பக்கம், ட்ரேசிங் ஒரு பக்கம்னு எதிரெதிரா நிறுத்தி யாராவது பேசினா எனக்கு கோவம் வரும். அந்த வாக்குறுதி இல்லன்னா அவர் வாயே திறந்திருக்க மாட்டாரு.

இன்னொண்ணு, பேர் வெளிய போறது டேட்டாபேஸ்ல இருந்துன்னு எல்லாரும் நெனைக்கிறாங்க. நான் பாத்த வரைக்கும் காரிடார்லதான் போகும். முழு பிபிஇ போட்ட ரெண்டு பேர் ஒரு கதவ தட்டுறாங்க, அப்புறம் மூணு வேளையும் சாப்பாட்டு ட்ரே கதவுக்கு வெளிய தரையில வைக்கிறாங்கன்னா அந்த வரிசையில இருக்குற இருபது கேபினுக்கும் தெரிஞ்சிடும். சில பேர் போட்டோ எடுத்து கப்பலோட வாட்ஸ்அப் க்ரூப்ல போட்டாங்க, ஒரு அம்மா அழுதுகிட்டே டெஸ்க்குக்கு போன் பண்ணினது இன்னும் காதுல இருக்கு. அப்புறம்தான் பாசிட்டிவ் வந்தவங்கள க்ரூ, அதாவது கப்பல் ஊழியருங்க, போற வழியா ராத்திரியிலயே தனியா ஒதுக்கி வச்ச கேபினுக்கு மாத்த ஆரம்பிச்சோம்.

க்ரூ பிரைவசிய பத்தி யாரும் கேக்குறதே இல்ல, அத தனியாத்தான் எழுதணும்.

நடுச்சாமம்:

@கேங்வே அண்ணா, அந்த க்ரூ விஷயத்த இங்கயே எழுதுங்க. 2020ல கொரோனா பரவி ஜப்பான்ல நிறுத்தி வச்ச டயமண்ட் பிரின்சஸ் கப்பல் ஞாபகம் வருது. அதுல இருந்த 3,711 பேர்ல 1,045 பேர் க்ரூ, பயணிங்கள கேபின்ல அடைச்சப்பவும் இவங்க சமைச்சு, ட்ரே தூக்கி, ரூம ஷேர் பண்ணிட்டு இருந்தாங்க.

பொதுச்சுகாதாரம்:

நான் துறைமுக சுகாதாரப் பணியில இருந்தவ, கரைப் பக்கத்துல இருந்து சொல்றேன்.

நடுச்சாமம் சொன்ன அந்த கப்பலையே எடுத்துக்கோங்க. முதல் நோயாளி 2020 ஜனவரி 25 அன்னைக்கே ஹாங்காங்ல இறங்கிட்டார், அவருக்கு பாசிட்டிவ்னு தெரிஞ்சது பிப்ரவரி 1. கப்பல் யோகோஹாமாவுக்கு வந்தது 3ஆம் தேதி, பயணிங்கள கேபின்ல இருக்க சொன்னது 5ஆம் தேதி. நடுவுல பஃபேயும் நிகழ்ச்சிகளும் நடந்துட்டுதான் இருந்துச்சு. கடைசில 712 பேருக்கு தொத்திக்கிச்சு, அதுல கிட்டத்தட்ட பாதி பேருக்கு டெஸ்ட் எடுத்த நேரத்துல எந்த அறிகுறியும் கிடையாது. யாருக்கு இருமல் இருக்குன்னு பாத்து ஒதுக்குறது அங்க பலிக்கவே இல்ல.

ஆனா அந்த கப்பல் க்ரூவ பத்தி வந்த சிடிசி அறிக்கைய படிச்சப்போ எனக்கு ஒரு விஷயம் மனசுல பதிஞ்சது. பிப்ரவரி 9 வரைக்கும் உறுதியான 20 க்ரூல 15 பேர் சாப்பாட்டுப் பிரிவு, 16 பேரோட கேபின் மூணாவது டெக்ல, அதாவது கப்பலோட மூணாவது தளத்துல. அந்த டெக்லதான் சாப்பாட்டுப் பிரிவு ஆளுங்க தங்கியிருந்தாங்க. நோய் எந்த வழியா பரவுதுன்னு புரிஞ்சுக்க இந்த ரெண்டு விவரமே போதுமா இருந்துச்சு பாருங்க, வேலையும் டெக்கும். யாரோட பேரும் தேவைப்படல. நோய் எங்க பரவுதுன்னு பாக்குறதுக்கு ஒரு விவரம், ஆள தேடிப் பிடிச்சு சொல்றதுக்கு வேற விவரம். ரெண்டையும் ஒண்ணா கலந்து எல்லார் கையிலயும் குடுக்கறப்பதான் தப்பு நடக்குது.

பேரும் போன் நம்பரும் எப்ப கட்டாயம் வேணும்னா, கரையில இறங்கி ஆளுக்கொரு திசையா போனதுக்கு அப்புறம். ரூபி பிரின்சஸ் 2020 மார்ச் 19 சிட்னிக்கு வந்தப்போ டெஸ்ட் ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடியே சுமார் 2,700 பயணிங்கள இறக்கி விட்டுட்டாங்க, அந்த கப்பலோட சம்பந்தப்பட்டு 28 பேர் இறந்தாங்க, அதுக்குன்னு விசாரணைக் கமிஷனே வச்சாங்க. அதே வருஷம் நார்வேல ரோல்ட் அமுண்ட்சென் கப்பல்லயும் இப்படித்தான், நோய் தெரிய வர்றதுக்குள்ள பயணிங்க நாடு முழுக்க போயாச்சு, ஒவ்வொரு ஊர் நிர்வாகமும் போன் பண்ணி தேடுச்சு. அப்படி நேரத்துல அட்ரஸ தப்பா எழுதுன ஒரு ஃபார்ம் எவ்வளவு பெரிய ஓட்டைன்னு அந்த வேலைய செஞ்சவங்களுக்குத்தான் தெரியும்.

வேணாம்னு சொல்ல முடியுமான்னு கேட்டீங்க. ரிஸ்ட்பேண்ட பத்தி கம்பெனிகிட்ட கேட்டுப் பாக்கலாம். ஆனா கப்பல்ல தொத்துநோய் இருக்கா, எத்தன பேருக்கு உடம்பு சரியில்லன்னு கேப்டன் துறைமுகத்துக்கு எழுதிக் குடுக்கணும், அது சர்வதேச சுகாதார விதிகள்ல இருக்கு, உடம்பு சரியில்லாதவங்க விவரமும் அந்த படிவத்தோட போகும். அது நம்ம சம்மதத்த கேட்டு நடக்குறது இல்ல. அதே விதிகள்ல 45வது பிரிவுனு ஒண்ணு இருக்கு, அப்படி வாங்குற தனிப்பட்ட விவரத்த ரகசியமா வைக்கணும், தேவைக்கு மேல வச்சிருக்கக் கூடாதுன்னு. முதல் பாதிய நாங்க எல்லாரும் சரியா செஞ்சோம், இந்த ரெண்டாவது பாதிய எத்தன துறைமுகம் சரியா செஞ்சிருக்கும்னு கேட்டா எனக்கு வருத்தமாத்தான் இருக்கு. எங்க ஆபீஸ்லயே பயணிங்க லிஸ்ட் பிரிண்ட் அவுட் மேஜை மேல பல மாசம் கிடந்தத பாத்திருக்கேன், கேபின் நம்பர், பாஸ்போர்ட் நம்பர், பக்கத்துல சிவப்பு பேனால பாசிட்டிவ்னு எழுதினது. டீ குடுக்க வர்றவர் கூட படிக்கலாம்.

சிக்னல்:

பேண்ட் பத்தி மட்டும் சொல்றேன், நான் இந்த ப்ளூடூத் சென்சார் வேலைலதான் இருக்கேன்.

உள்ள ஜிபிஎஸ் எல்லாம் இருக்காது, இரும்புக் கூட்டுக்குள்ள அது வேலையும் செய்யாது. பேண்ட் ஒரு சின்ன சிக்னல் விட்டுட்டே இருக்கும், கூரையில, கதவுல இருக்குற ரிசீவர் அத பிடிக்கும். சில கம்பெனி பேண்ட்ல ஒண்ணு இன்னொண்ண நேரடியா பிடிக்கும். தூரத்த சிக்னல் பலத்த வச்சு ஊகிக்கிறாங்க, அதுதான் பிரச்சனை, ஏன்னா இரும்புச் சுவர்ல பட்டு சிக்னல் எதிரொலிக்கும், நடுவுல மனுஷ உடம்பு வந்தா பலம் குறையும். முதுகோட முதுகு உக்காந்த ரெண்டு பேர் தூரமா தெரியலாம், திறந்த ஹால்ல தூரமா நின்னவங்க பக்கமா தெரியலாம். அதனால பேண்ட் சொல்லிச்சுங்கறதுக்காக ஒருத்தர அடைச்சு வைக்கக் கூடாது, கேங்வே சொன்ன மாதிரி யாராவது உக்காந்து பேசி சரிபாக்கணும்.

இன்னொண்ணு, இந்த மாதிரி பேண்ட், மெடாலியன்ங்கற காசு சைஸ் வில்லை எல்லாம் கொரோனாக்காக வந்தது இல்ல. பிரின்சஸ் கம்பெனி மெடாலியன 2017லயே அறிமுகப்படுத்திட்டாங்க, நீங்க எங்க உக்காந்திருக்கீங்களோ அங்க ட்ரிங்ஸ் கொண்டு வந்து தர்றதுக்கும் குடும்பத்துல யார் எங்க இருக்காங்கன்னு பாக்குறதுக்கும். கருவி முன்னாடியே இருந்துச்சு, தொற்று வந்தப்போ அதே மாதிரி கருவிக்கு இன்னொரு வேலை கிடைச்சது. அந்த வேலை முடிஞ்ச அப்புறம் அந்த விவரம் எங்க போச்சுன்னுதான் கேக்கணும். உங்க பில்லோட, உங்க பேரோட ஒரே இடத்துல இருந்தா அது சும்மா இருக்காது, அடுத்த விளம்பரத்துக்கு உதவும்.

இத வேற மாதிரியும் செய்ய முடியும். கூகுளும் ஆப்பிளும் 2020ல சேந்து போன்ல கொண்டு வந்த முறையில, போன் கொஞ்ச நிமிஷத்துக்கு ஒரு தடவ மாறுற ஒரு எண்ண மட்டும்தான் வெளிய விடும், யார சந்திச்சீங்கங்கற பதிவு உங்க போன்லயே இருக்கும், சர்வருக்கு போகாது, ரெண்டு வாரத்துல அழிஞ்சிடும். முடியாதுன்னு எந்த கம்பெனியாவது சொன்னா நம்பாதீங்க.

நடுச்சாமம்:

சிங்கப்பூர் கதைய யாரும் சொல்லலயே. ட்ரேஸ்டுகெதர்ங்கற அரசாங்க காண்டாக்ட் ட்ரேசிங் ஆப் 2020 மார்ச்ல வந்தப்போ தொற்றத் தேடுறதுக்கு மட்டும்தான்னு சொன்னாங்க, மக்களும் நம்பி எடுத்துக்கிட்டாங்க. 2021 ஜனவரில பார்லிமெண்ட்ல, குற்ற விசாரணைக்கு போலீஸ் அந்த விவரத்த கேட்டு வாங்கலாம்னு தெரிய வந்துச்சு, ஒரு கொலை வழக்குல வாங்கியும் இருந்தாங்க. ஜனங்களுக்கு பயங்கர ஏமாற்றம். அப்புறம் பிப்ரவரில சட்டம் போட்டு ஏழு வகை கடுமையான குற்றத்துக்கு மட்டும்னு சுருக்கினாங்க. கொலை வழக்குக்கு குடுத்தது தப்பான்னு கேட்டா எனக்கே பதில் சொல்ல கஷ்டமா இருக்கு, ஆனா முன்னாடியே சொல்லியிருக்கணும், அதுல எனக்கு சந்தேகமே இல்ல.

அதே சிங்கப்பூர்ல 2020 டிசம்பர்ல குவாண்டம் ஆஃப் தி சீஸ் கப்பல் ஒரு பயணிக்கு பாசிட்டிவ்னு பாதியில திரும்பி வந்துச்சு, எல்லாரையும் கேபினுக்குள்ள இருக்க சொன்னாங்க, கடைசில மறுபடி டெஸ்ட் எடுத்தா அவருக்கு தொற்றே இல்ல. அந்த ஒரு நாள்ல அந்த மனுஷர் பேரு மட்டும் கப்பல் முழுக்க பரவியிருந்தா யார் அத திரும்ப எடுக்க முடியும்?

கடல்காத்து:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு வரும்னு எதிர்பாக்கல. அந்த சீட்டு விளையாடின பெரியவர் கதைய அப்பாகிட்ட படிச்சு காட்டினேன், ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. @கேங்வே அண்ணா, அந்த மாத்திரை விவரம் உங்க டெஸ்க்ல இருந்தவங்களுக்கு தெரியுமா? பெரியப்பா குடும்பமும் ஒரே புக்கிங்லதான் இருக்காங்க, அவங்க லாகின் பண்ணினா எங்க ஃபார்ம் தெரியுமான்னும் பயமா இருக்கு.

கேங்வே:

நான் இருந்த கப்பல்ல டெஸ்க்குக்கு தெரியாதும்மா. எங்க ஸ்க்ரீன்ல கேபின் நம்பர் பக்கத்துல மெடிக்கல்னு ஒரு குறி மட்டும் வரும், வீல் சேர் வேணுமா, ஆக்சிஜன் இருக்கா மாதிரி விஷயம்தான் தெரியும். மாத்திரை பேரெல்லாம் மெடிக்கல் சென்டரோட போச்சு. ஆனா எல்லா கம்பெனியிலயும் இப்படித்தான்னு எடுத்துக்காதீங்க, மெயில்ல கேட்டு எழுத்துல வாங்கிக்கோங்க: ஹெல்த் ஃபார்ம யார் யார் பாக்கலாம், பேண்ட் பதிவ எத்தன நாள்ல அழிப்பீங்க, பில் விவரத்தோட சேத்து வைப்பீங்களா. புக்கிங்க ரெண்டா பிரிக்க சொல்லுங்க, கேபின் மட்டும் பக்கத்துல பக்கத்துல கேட்டா குடுப்பாங்க. ஆனா அப்பாகிட்ட ஒண்ணு மட்டும் சொல்லுங்க, மாத்திரைய மறைச்சிட்டு போகக் கூடாது, நடுக்கடல்ல மயக்கம் போட்டா அந்த டாக்டருக்கு அது தெரிஞ்சே ஆகணும்.

கடல்காத்து:

புக்கிங் பிரிச்சாச்சு அண்ணா. மெயிலும் போட்டுட்டேன், அழிக்கிற நாள் கணக்குக்கு மட்டும் இன்னும் பதில் வரல, திரும்ப கேட்டிருக்கேன். மாத்திரை பேரையும் அளவையும் அப்பா அவர் கையாலயே ஒரு தாள்ல எழுதி, கவர்ல போட்டு ஒட்டி, மேல "கப்பல் டாக்டருக்கு மட்டும்"னு எழுதி பாஸ்போர்ட்டோட வச்சிருக்காரு. பதில் வந்ததும் இங்க போடுறேன்.